பாலில் அவிந்த பரங்கிப்பட்டை

ஹாங்காங்,
8-11-1994

அன்புள்ள அத்தாவுக்கு ரம்ஷாவோட சலாமுங்க. அம்மாவுக்கு முட்டி வலி தேவலைங்களா? நான் நல்லா இருக்கேன்.

அந்தக் காலத்துல சீனாவுல இருந்து கப்பல்ல வந்த பரங்கிப்பட்டை எந்தக் கொடியோட வேருன்னு கண்டுபிடிக்கத்தான், நம்ம டவுன்ஹால் நாட்டு மருந்துக்கடையில மிஞ்சுன பழைய துண்டு ரெண்டையும் கேட்டேன். பார்சல் வந்ததும், கடைப் பழக்கத்துல ஒண்ணை மருந்துக்குப் பண்றாப்புல பால்ல அவிச்சு சுத்தி பண்ணிப்போட்டேன்! வேர்ல இருந்த மாவெல்லாம் வெந்து, மைக்ராஸ்கோப்புல கூழாட்டம் தெரியுது. எனக்கு ஆராய்ச்சி சொல்லித்தர்ற புரொபசர் தலையில கை வெச்சுட்டார்.

நீங்க கவலைப்படாதீங்க. இன்னொரு துண்டைப் பச்சையாவே சீவிப் பார்த்துட்டேன். இங்க மலைச்சரிவுல நானே தோண்டுன முள்ளுக்கொடி வேரும் அதுவும் அச்சு அசல் ஒண்ணுதானுங்க. புரொபசர் அது வேற கொடியோட வேருன்னு புஸ்தகமே எழுதியிருக்கார். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலயும் காட்டப்போறேன், அவர் ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும்.

அடுத்த பார்சல்ல சுக்கும் கொத்தமல்லியும் வைங்க. கடையில பொட்டலம் மடிக்கிற பேப்பர்லயே கட்டுங்க.

வேர் அவிச்ச பாலைக் கீழ ஊத்திரணும்னு எனக்குத் தெரியுமுங்க. அது திரிஞ்சே போச்சு. ஆனா ரூம்ல நம்ம கடை வாசம் அடிக்குது, இன்னும் ஊத்தலைங்க.

தபால் எடுக்க ஆள் வந்தாச்சு.

உங்க ரம்ஷா