ஒழுகும் கூரையும் ஒரு லட்சமும்

மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

நலம். சலவைக் கடைக்குத் துணி குவிகிறது. உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். பெரிய சலவை மெஷினுக்கு எண்பதாயிரம் கடன் வாங்கினேன், மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. "இப்போ எதுவும் கட்ட வேணாம், மொத்தமா கொடுங்க" என்றார் கடன் கொடுத்தவர். பதினெட்டு மாத வட்டி நாற்பத்துமூவாயிரம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனால் ஐம்பத்தாறாயிரம் கேட்கிறார்! கட்டாத வட்டி மாதாமாதம் அசலில் சேர்ந்து, அதற்கும் வட்டி ஓடியிருக்கிறது. பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட புத்திசாலி நான்தான்.

கவலைப்படாதே, சமாளிப்பேன். எட்டு வருஷத்துக்கு முன் வீட்டுக் கூரையை மாற்ற நீ அனுப்பிய ஒரு லட்சம், உன் பேரில் டெபாசிட்டில், ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரமாக வளர்ந்து நிற்கிறது. நீ சொந்தமாகத் திறக்கப்போகும் வெல்டிங் பட்டறைக்கு.

அன்புடன் அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

அப்படியானால் கூரையை மாற்றவே இல்லையா? எட்டு வருஷமாக வாளி வைத்தா தூங்குகிறாய்? டெபாசிட்டை உடைக்கப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். முதலில் கடனை அடை.

தம்பி

மார்ச் 16

தம்பி,

படிவத்தைக் கிழித்துவிட்டேன். நீ நெருப்பில் நின்று சம்பாதித்தது. வளர்கிற பணத்தில் கை வைக்கமாட்டேன்.

அக்கா

மார்ச் 23

பிடிவாதக்கார அக்காவுக்கு,

இன்னொரு படிவம் இத்துடன். என் பணம் வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் கொண்டுவரும். உன் கடன் அதே வருஷத்தில் ஐம்பத்தெட்டாயிரம் தின்னும். இரண்டுமே வட்டிக்கு வட்டிதான். ஒன்று ஆமை, இன்னொன்று குதிரை. நீ ஆமைக்குக் காவல் இருக்கிறாய். பட்டறை தள்ளிப்போகட்டும். இதையும் கிழித்தால் வேலையை விட்டுவிட்டு நேரில் வருவேன்.

கோபமாக, தம்பி

மே 30

என் தம்பிக்கு,

ஜெயித்துவிட்டாய். நான் படிவத்தைக் கிழித்த கூத்தில் இன்னொரு மாத வட்டி ஏறி, டெபாசிட்டை உடைத்து ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கட்டினேன். பிடிவாதத்துக்கு அபராதம் நாலாயிரம்! பத்திரத்தை வாங்கி, வரி விடாமல் படித்துவிட்டுக் கிழித்தேன்.

மீதியில் கூரை மாற்றியாயிற்று. இனி கடை லாபத்தில் மாதம் ஐயாயிரம் உன் பேரில் போடுவேன்; வட்டியை எடுக்கமாட்டேன், அசலோடு வளரட்டும். முதல் மாதம் கட்டிவிட்டேன். பட்டறை வந்தே தீரும். வேண்டாம் என்று எழுதாதே, கிழித்துவிடுவேன்.

இன்று காலை மழை. பழக்கத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு சொட்டு விழவில்லை. காலி வாளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்டா.

அக்கா