குழாய்த் தண்ணீரில் கழுவிய மணிகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம், என் வலது முழங்காலைத் தவிர, அதை நீ தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன், நீதான் எழுதுவதில்லையே. உன் அப்பா ஓய்வு பெற்ற நாளிலிருந்து எல்லா அலமாரிக் கதவுகளுக்கும் எண்ணெய் போட்டுவிட்டார், இப்போது பிஸ்கட் எடுப்பது யார் காதுக்கும் கேட்பதில்லை. எதிர் வீட்டுத் தையல்காரி கடைசியில் அந்தப் பல் டாக்டரையே கட்டிக்கொள்ளப் போகிறாள், ஆறு மாதமாக இல்லாத பல்வலிக்கு வைத்தியம் பார்த்தது வீண்போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு வேலை போகப்போகுதாம், லேப்ல எதையோ கலந்துட்டாளாம் என்று உன் சித்தி உனக்குப் போன் போடுவாள், அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். கலக்கவில்லை, கழுவினேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஆனால் கழுவியே மூன்று மாத வேலையைக் கவிழ்க்கலாம் என்று உன் அம்மா நிரூபித்துவிட்டாள்.

எங்கள் வேலை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். திராட்சைத் தோலில் குடலுக்கு நல்லது செய்கிற ஒரு சத்து இருக்கிறது, அதே சத்துதான் தோலுக்கு நிறமும். அப்படியே விழுங்கினால் பெருங்குடல் வரை போய்ச் சேராது, வழியிலேயே வீணாகிவிடும். அதனால் கடற்பாசிப் பசையில் கலந்து, சுண்ணாம்புச் சத்து கரைத்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவோம். ஒவ்வொரு சொட்டும் மீன் முட்டை மாதிரி ஒரு மணியாகத் திரண்டுவிடும், அதாவது சத்துக்குச் சட்டை போட்டாயிற்று. அந்த மணிகளைக் கழுவி, அது என் வேலை, மூன்று கண்ணாடிப் பாத்திரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும். முதல் பாத்திரம் வயிறு, அமிலம் இருக்கும், சட்டை கிழிந்தால் தண்ணீர் சிவக்கும். அடுத்தது சிறுகுடல், அதற்கடுத்தது பெருங்குடல், இந்த இரண்டில் எங்கே கிழிந்தாலும் ஊதாவாகும். கடைசிப் பாத்திரத்தில் மட்டும் ஊதா வந்தால் வெற்றி. அந்தக் கண்ணாடி வயிற்றின் மேல் எனக்குப் பொறாமை, கொடுத்ததை மட்டும்தான் சாப்பிடுகிறது, என் வயிறு அப்படி இருந்திருந்தால் முழங்கால் பிழைத்திருக்கும்.

இந்த ஆராய்ச்சியை நடத்துகிற எங்கள் மேடத்துக்கு உன் வயதுதான், நடக்கிற வேகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அம்பு. மூன்று மாதமாக ஒவ்வொரு தடவையும் கடைசிப் பாத்திரத்தில்தான் ஊதா வந்தது. அந்தப் பெண் அறிக்கை எழுதி, செய்முறையையும் சேர்த்து, நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கப்போகிற இன்னொரு லேபுக்கு அனுப்பினாள். அவர்கள் அதே செய்முறைப்படி செய்தார்கள், சிறுகுடலிலேயே அரைமணி நேரத்தில் எல்லாம் ஊதா. மறுபடி செய்தார்கள், மறுபடியும் ஊதா. உங்க நம்பர் எல்லாம் எங்கேர்ந்து வந்ததுன்னு கொஞ்சம் சொல்றீங்களா என்று கேட்டு எழுதிவிட்டார்கள். படித்தவர்கள் திருடி என்று சொல்வது இப்படித்தான். இயக்குநர் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார், வெளியே வந்தபோது அம்பு மெதுவாக நடந்தது. பத்து நாளில் விளக்கம் தராவிட்டால் அவள் பெயர் கெட்டுவிடும், அப்புறம் எந்த லேபிலும் சேர்க்கமாட்டார்கள். எங்களையெல்லாம் கூப்பிட்டு, சுண்ணாம்புச் சத்து கூடுதலா எங்கேர்ந்தோ வந்தாத்தான் மணி இவ்வளவு இறுகும், நம்மகிட்ட எங்கேர்ந்துங்க வரும் என்று கேட்டாள். நானும் சேர்ந்து உதட்டைப் பிதுக்கினேன், அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் கெட்டிலின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் படிவத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். சுரண்டியதை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், சுண்ணாம்பு. எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், லேபிலும் அதே தண்ணீர்தான். மணிகளைக் காய்ச்சி வடித்த நீரில்தான் கழுவ வேண்டும் என்று செய்முறையில் இருக்கிறது. ஆனால் ஸ்டோர்காரர் ஒரு கேன் தண்ணீருக்கு மூன்று கையெழுத்து வாங்குவார், அதுவும் தன் சொந்த ரத்தத்தைக் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு. அதனால் நான் மணிகளை வடிகட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அரிசி களைவதுபோல நன்றாக அலசிவிட்டு, கடைசியில் மட்டும் அந்த நல்ல தண்ணீரை ஒரு கப் ஊற்றுவேன். உங்களை மாதிரி சிக்கனமா எல்லாரும் இருந்தா நான் நிம்மதியா இருப்பேன் என்று அந்த மனிதர் என்னைப் பாராட்டியிருக்கிறார், நான் பூரித்தும் போயிருக்கிறேன்.

உன் அப்பாவிடம் சொன்னேன். யாரும் பார்க்கலையில்ல, ரிட்டயர் ஆக நாலு வருஷம்தானே இருக்கு, வாயை மூடிக்கிட்டு இரு என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது, பொய் சொல்வானேன். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், உன் அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று உனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பெண் தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்வதைப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை. மேடம், தப்பு என்மேல என்று ஆரம்பித்தேன். எப்படிக் கழுவுனீங்கன்னு செஞ்சு காட்டுங்க என்றாள். காட்டினேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மூணு மாசமா இப்படியேவா என்று கேட்டாள். சிக்கனமா இருக்கட்டும்னுதான் மேடம் என்றேன். சொல்லும்போதே எனக்கே கேவலமாக இருந்தது.

அன்றே இரண்டு வரிசை வைத்தோம், ஒன்று என் கைவரிசை, ஒன்று செய்முறை வரிசை. செய்முறைப்படி கழுவிய மணிகள் சிறுகுடலில் உடனே ஊதாவாகிவிட்டன. என்னுடையவை பெருங்குடல்வரை கம்மென்று போயின. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் பொய் சொல்லலை என்று தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். அப்புறம் என்னைப் பார்த்து, நீங்க சொல்லியிருக்கலாமே என்றாள், திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது, நாளுக்கு நாள் மாறும், அதனால் காய்ச்சி வடித்த நீரிலேயே சுண்ணாம்புச் சத்தை அளந்து போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம், புதுச் செய்முறையை அந்த இன்னொரு லேபுக்கும் அனுப்பினாள். இயக்குநர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன், வேலை போகவில்லை, சித்தியிடம் சொல்லிவிடு. மேடம் என்னை வேறு இடத்துக்கு மாற்றுவாள் என்று பார்த்தால், மணி கழுவுகிற அதே தொட்டிக்கு அனுப்பி ஒரு நோட்டையும் கொடுத்து, இனிமே குழாயைத் தொட்டாக்கூட எழுதணும் என்றாள். எழுதுகிறேன். தும்மியதைக்கூட எழுதியிருக்கிறேன்.

இன்று மத்தியானம் அந்த லேபிலிருந்து பதில் வந்தது. அவள் தொட்டிவரை ஓடிவந்து, அங்கேயும் கடைசிப் பாத்திரத்துலதான் ஊதாவாம் என்றாள். கையைத் துடைத்துவிட்டு, இதை நோட்டுல எழுதலாமா மேடம் என்று கேட்டேன். முதல்ல அதை எழுதுங்க என்றாள்.

உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கும், நீ எங்கே நின்றாலும் என் ஆசி உன் தலைக்குமேல் இருக்கும், குனிந்தாலும் விழாது. கண் பரிசோதனைக்குப் போகிறேன் போகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்கிறாய், இந்த வாரமே போ, மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போ.

உன் நினைப்பிலேயே இருந்தும் வெளியே காட்டிக்கொள்ளாத
உன் அம்மா