வழிமொழிய ஆளில்லாத சங்கம்

அன்புள்ள ஜாபர்,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. கூட்ட அறிவிப்புகள் எழுதியிருக்கிறேன். அவற்றை நீ படித்ததில்லை. இதையும் படிக்க மாட்டாய் என்பதால் கூச்சமில்லாமல் தொடங்குகிறேன்.

நம் கல்லூரி எவ்வளவு சின்னது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. தமிழ் மன்றம், சதுரங்கக் கழகம், இரத்ததானக் குழு எல்லாவற்றிலும் அதே பதினொரு பேர். ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டு ஒருவருக்கொருவர் நன்றியுரையும் சொன்னார்கள். எதிலும் நமக்கு இடம் கிடைக்கவில்லை. பெயர் எழுதுவது முதல் பீரியடில் நடக்கும். அந்த நேரத்தில் நீ, நான், ஜோசப், பாலு நான்கு பேரும் பூட்டிய கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்போம். தாமதக்காரர் சங்கம் அங்கேதான் பிறந்தது.

கடைசியாக வருபவன் அன்றைய தலைவன். முதலில் வருபவன் குற்றவாளி, எல்லோருக்கும் டீ அவன் செலவு. ஒருவன் முன்மொழிந்து இன்னொருவன் வழிமொழியாத எதுவும் தீர்மானம் ஆகாது. இவை விதிகள். தாமதத்தின் உண்மைக் காரணத்தை முதல்வரிடமே போய்ச் சொல்ல வேண்டும் என்பது நுழைவுச் சடங்கு. நான் சொன்னபோது ஒரு வாரம் வெளியே நிறுத்தினார். நீ போய், "சார், எந்திரிக்க மனசே வர்ல சார்" என்றாய். வருஷம் முழுக்க மின்சார ரயில் மேல் பழி கேட்டுச் சலித்திருந்த மனிதர், "நீ ஒருத்தன்தாம்ப்பா உண்மை பேசறே, கிளாஸுக்குப் போ" என்று உள்ளே அனுப்பிவிட்டார்.

முதல் பீரியடில் வகுப்புக்குள் நுழைந்த குற்றத்துக்காக உன்னை நீக்க வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். நீயே வழிமொழிந்தாய்.

"இன்னா தீர்மானம்டா அது?" என்று அப்புறம்தான் கேட்டாய்.

"உன்னைத் தூக்கற தீர்மானம்."

"சரி, தூக்கு. நாளைக்குத் திரும்ப சேத்துக்கோ. அதையும் இப்பவே வழிமொழிஞ்சிட்றேன்."

நாற்பது வருஷமும் அப்படித்தான் போயிற்று. படிப்பு முடிந்த பிறகும், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை நான்கு மணிக்கு மேற்குத் தாம்பரம் டீக்கடையில் கூட்டம். ஜோசப் கனடா போனபோது ராஜினாமா எழுதிக் கொடுத்தான். பாலு கேளம்பாக்கத்தில் பதினாலாவது மாடிக்குக் குடிபோனான்; லிஃப்ட் கீழே வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிடுகிறது என்று அவனும் எழுதிக் கொடுத்தான். இரண்டையும் நான் முன்மொழிந்தேன், நீ வழிமொழிந்தாய். இரண்டு பேருக்குக் கீழே ஒரு சங்கம் இறங்க முடியாது என்பது அன்றைக்கு ஏன் எனக்கு உறைக்கவில்லை?

இரண்டே பேர் உள்ள சங்கத்தில் தாமதமாக வருவது எளிதல்ல. படப்பையில் பிளைவுட் கடையை மகன் ரபீக்கிடம் விட்டுவிட்டு நீ பஸ் ஏறி வருவாய். வந்து வாழைப்பழ வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். நான் எதிர்ப்பக்கம் பேருந்து நிழற்குடையில் ஒரு தூணுக்குப் பின்னால் நிற்பேன். மற்றவன் முதலில் உள்ளே போகட்டும் என்று, அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் ஒருநாள் ஐந்தேகால் வரை நின்றோம். வண்டிக்கார அம்மா கேட்டதை நீதான் பிறகு சொன்னாய்.

"இன்னா பாய், பழம் வாங்கப் போறியா, இல்ல வண்டிக்கு காவல் காக்கறியா?"

"அதோ கண்ணாடி போட்டுகினு ஒரு கெழம் நிக்குது பாரு. அது உள்ள போவட்டும், அப்பால வாங்கறேன்."

கடைசிக் கூட்டத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரி பத்மா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு பெங்களூருக்கு வந்துவிடும்படி மகன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்கிறான். அங்கே எனக்கென்று ஒரு அறை இருக்கிறதாம், அதில் ஒரு டிவி இருக்கிறதாம். எனவே முறைப்படி எழுந்து நின்று, "இச்சங்கம் இன்றோடு கலைக்கப்படுகிறது என முன்மொழிகிறேன்" என்றேன். நீ பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தாய். அது கரைந்து உள்ளே விழுந்தது.

"வழிமொழிடா" என்றேன்.

"மாட்டேன்."

"ஏன்?"

"கலைச்சிட்டா ரெண்டாவது சனிக்கிழம நீ எங்க போவ?"

"நீ எங்க போவ?"

"எனக்குக் கடை கீது, பேரப்புள்ளைங்க கீறாங்க, அஞ்சு வேளை பள்ளிவாசல் கீது. உனக்கு இன்னா கீது மச்சான்?"

நான் சங்கத்தின் குறிப்பேட்டைத் திறந்தேன். 'வழிமொழிய ஆளில்லாததால் தீர்மானம் விழுந்தது' என்று மட்டும் எழுதி வைத்தேன். நான் முன்மொழிந்த எதையும் நீ காதில் வாங்கியதில்லை என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாயா?

இரண்டு வாரம் கழித்து ரபீக் போன் செய்தான். காலையில் நீ எழுந்திருக்கவில்லை என்றான். டாக்டர் ஏதோ ஒரு காரணம் சொன்னாராம். உண்மைக் காரணத்தை நீ நாற்பது வருஷத்துக்கு முன்பே முதல்வரிடம் சொல்லியிருக்கிறாய்.

மூன்றாம் நாள் உன் வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். "மாமா, அத்தாவப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றான் ரபீக். எனக்கு இரண்டு வார்த்தை பேச வராது, தீர்மானம்தான் வரும். எழுந்து, "உறுப்பினர் ஜாபர் அவர்களின் மறைவுக்கு இச்சங்கம் ஆழ்ந்த இரங்கலைத் தெரிவிக்கிறது என முன்மொழிகிறேன்" என்று சொல்லி நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, வழக்கம் போல நீ உட்காரும் இடப்பக்கம் திரும்பிக் காத்திருந்தேன்.

எனக்கு நா உலர்ந்துவிட்டது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். "உக்காருங்க மாமா" என்று ரபீக் தோளைத் தொட்டான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரங்கல் தீர்மானமும் விழுந்துவிட்டது, ஜாபர். விதிப்படி பார்த்தால், சங்கத்தின் பதிவில் நீ இன்னும் இறக்கவில்லை.

போன சனிக்கிழமை நான்கு மணிக்கு நிழற்குடையில் போய் நின்றேன். வண்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. தாமதம் என்றால் யாரைவிடத் தாமதம்? எதிரே ஒளிய ஆளில்லாதபோது தூணுக்குப் பின்னால் நிற்பவனை என்னவென்று சொல்வது? ஆறு மணிக்கு வண்டிக்கார அம்மா தார்ப்பாயை மூடிக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"பாய் இன்னும் வர்ல?"

"இன்னும் வரல" என்றேன். பதிவின்படி அது பொய் இல்லை.

உள்ளே போனேன். மாஸ்டர் கேட்காமலே இரண்டு டீ வைத்தார். ஒன்று ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாள் மகனிடம் பெங்களூர் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "ஏம்ப்பா, அங்க உனக்கு யாரு இருக்கா?" என்றான். சங்கத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை என்றேன். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னான்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். கலைப்புத் தீர்மானத்தை இனி கொண்டுவர மாட்டேன். இரண்டாவது சனிக்கிழமைகளில் தூணுக்குப் பின்னால் நிற்காமல் நேரே உள்ளே போவேன். நீ போன இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். விதிப்படி நீ குற்றவாளி, அங்கே டீ உன் செலவு. நான் தலைவனாக வர வேண்டியவன் என்பதால், முடிந்த அளவுக்குத் தாமதமாகவே வருகிறேன்.

இன்னும் வந்து சேராத
உன் மச்சான்,
சேகர்