மேனேஜர் ஊற்றித் தந்த தேநீர்

அன்புள்ள அம்மாவுக்கு, லண்டனிலிருந்து ஃபின்லே. நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

முழங்காலில் சின்ன வலிதான், பயப்படாதீர்கள். ஆனால் என்னிடம் சிடுசிடுத்தே பழகிய எங்கள் கால்பந்து அணி மேனேஜர், நேற்று தன் கையால் தேநீர் ஊற்றித் தந்தார். “வலி தெரியாம இருக்க ஒரே ஊசிடா, சனிக்கிழமை ஆட்டத்துல மைதான ஓரமா விங்ல பறப்பே,” என்றார். எனக்கு எதுவோ உறுத்தியது.

“உங்க பையனுக்குன்னா இந்த ஊசியைப் போடுவீங்களா?” என்று அணியின் டாக்டரைக் கேட்டேன். அவர் மேனேஜரைப் பார்த்தார். நான் ஊசி வேண்டாமென்று எழுந்துவிட்டேன்.

“ஸ்காட்லாந்துக்காரனுக்கு எதுலயும் சந்தேகம்தான். போ, இனி உனக்கு ஆட்டமே கிடையாது,” என்றார் மேனேஜர்.

அடுத்த வாரம் நம் ஊர் ஆர்ப்ரோத்துக்கே வந்துவிடுகிறேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் மட்டும் வாருங்கள். என் கட்டிலை மாடியிலிருந்து இறக்கிக் கீழறையில் போடச் சொல்லுங்கள். சும்மா, ஒரு மாறுதலுக்குத்தான்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உங்கள் ஃபின்லே