ஹிலாருஸ் கொண்டுவந்த ஜாடி

அக்டோபர், நடுமாதத்துக்கு மறுநாள்

நேற்று எங்கள் ஈமச்சடங்குச் சங்கத்தின் விருந்து. ஆளுக்கு ஒரு ரொட்டி, நாலு மத்தி மீன், வெந்நீர் கலந்த திராட்சை மது. குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஹிலாருஸ் மறுபடியும் இடம் மாறி உட்கார்ந்தான். இந்த ஆண்டில் இது நாலாவது தடவை. கொடுத்த இடத்தை விட்டு எழுந்துபோய்க் கலாட்டா செய்தால் அபராதம் என்று கோயில் சுவரிலேயே பொறித்திருக்கிறது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.

"ஏண்டா, உனக்குச் சட்டம் கிட்டம் கிடையாதா?" என்றேன்.

"அண்ணே, உங்க பக்கத்துல உட்கார்ந்தா மீன் வாசனை எது, உங்க வாசனை எதுன்னே பிடிபடல. அதுக்கு அபராதமே தேவலை."

எல்லாரும் சிரித்தார்கள். சலவைப் பட்டறைக்காரன் பின்னே எப்படி மணப்பான்? தெருமுனைப் பானைகளில் ஊரார் பெய்த மூத்திரத்தைத் தொட்டியில் ஊற்றி, அதில் நின்று முப்பது வருஷமாகத் துணி மிதிக்கிறேன். ரோமின் துறைமுகமான இந்த ஓஸ்தியாவில் வெள்ளைவெளேரென்று திரிகிற கனவான்கள் எல்லாம் என் காலால் வெளுத்தவர்கள்.

ஹிலாருஸ் ரொட்டிக்கடை ஸெர்ரானுஸின் அடிமை. வாய்தான் நீளமே தவிர, மாதப் பங்கை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆனாலும் என் பொறுப்பிலிருக்கும் சங்கப் பதிவேட்டில் எழுதி வைத்தேன்: ஹிலாருஸ், அபராதம்.


அக்டோபர், நவம்பர் பிறக்க எட்டு நாள்

இன்று ஹிலாருஸ் முதுகில் ஒரு ஜாடியைச் சுமந்துகொண்டு பட்டறைக்குள் வந்தான். நல்ல மது. வாய் தக்கையால் அடைத்து மெழுகி இருந்தது.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. அடிமையாக இருக்கும் உறுப்பினன் விடுதலையானால் ஒரு ஜாடி நல்ல மது தர வேண்டும். பதிவேட்டின் முதல் பக்கத்தில் அப்படித் தந்தவர்களின் பேர் மட்டும் இருக்கிறது. பதினோரு பேர். மூன்றாவது பேர் என்னுடையது, கலிஸ்துஸ்.

"டிசம்பர் திருநாளுக்கு விடுதலைன்னு எசமான் வாயால சொல்லிட்டாரு அண்ணே. அறுவடை முடிஞ்ச கையோட விலை சல்லிசா இருந்துச்சு, வாங்கிட்டேன். உங்ககிட்டயே இருக்கட்டும்."

"ஏன், உங்க வீட்டுல இடமில்லையா?"

"அங்க வெச்சா ஒரே நாள்ல காலி. ஊர்லயே உங்க பட்டறைக்குள்ளதான் ஒருத்தனும் மோப்பம் பிடிக்க மாட்டான்."

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுண்ணாம்பு மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.


நவம்பர் மாதப் பிறப்பு

என் மனைவி பிரீமா இன்று இரண்டு தடவை ஜாடியைத் தட்டிப் பார்த்தாள். எதற்கென்று கேட்டால், சும்மாதானாம்.


நவம்பர், நடுமாதத்துக்கு இரண்டு நாள் முன்

ரொட்டிக்கடையிலிருந்து மாவுத் துணிகளை மெலித்தே என்கிற பெண் கொண்டுவந்தாள். அதே வீட்டு அடிமை. ஹிலாருஸும் அவளும் ஆறு வருஷமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். அடிமைகளுக்குக் கல்யாணம் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது, ஆனால் பிரீமா அவளை "ஹிலாருஸ் பொண்டாட்டி" என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பெண் முகம் சிவந்து போகிறது.

அவன் விடுதலையானதும் தனியாக அடுப்பு வைத்துச் சம்பாதித்து அவளையும் மீட்கப் போகிறானாம். எத்தனை வருஷம் ஆகும் என்று பிரீமா கேட்டாள்.

"அவரு பத்துன்னு சொல்றாரு. நான் பன்னிரண்டுன்னு வெச்சிருக்கேன் அக்கா. அவரு கணக்குல எப்பவுமே ரெண்டு குறையும்."


டிசம்பர், ஸட்டர்ன் திருநாளின் மூன்றாம் நாள்

எழுதவே கை வரவில்லை. மெலித்தே வந்து பிரீமாவிடம் அழுதுவிட்டுப் போனாள்.

திருநாள் நாட்களில் ஊரே விடுதலைத் தொப்பி போட்டுக்கொண்டு திரிகிறது. எசமான், அடிமை, நான், கழுதை ஓட்டுகிறவன், எல்லார் தலையிலும் அதே கம்பளித் தொப்பி. எசமான்களே அடிமைகளுக்குப் பரிமாறுவார்கள். வருஷா வருஷம் நடக்கும் விளையாட்டுத்தான். ஆனால் ஹிலாருஸ் ஒரு வருஷமாக அந்த நாளையே எண்ணிக்கொண்டிருந்தவன். ஸெர்ரானுஸ் பந்தியில் எழுந்து, தன் கையாலேயே அவன் தலையில் தொப்பியை வைத்து, "இன்னையிலருந்து நீ சுதந்திர மனுஷன்டா" என்றிருக்கிறான்.

ஹிலாருஸ் நிஜமென்று நம்பிவிட்டான். எசமான் கையைப் பிடித்து முத்தம் கொடுத்து அழுதிருக்கிறான். அடுப்படிக்கு ஓடி மெலித்தேயைக் கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் இழுத்து வந்திருக்கிறான். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லையாம். அப்புறம் கூடமே சிரித்திருக்கிறது.

"அட மடையா, திருநாள் முடிஞ்சதும் தொப்பியைத் திருப்பிக் குடுத்துடு. விடுதலையெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றானாம் ஸெர்ரானுஸ்.

நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன். எனக்கு விடுதலை கிடைத்தபோதும் இதே தொப்பிதானே?


ஜனவரி, மாதம் பிறந்து ஐந்தாம் நாள்

ஹிலாருஸ் வந்தான். நான் இடுப்புவரை தொட்டியில் நின்றுகொண்டிருந்தேன், திருநாள் துணியெல்லாம் மலைபோலக் குவிந்து கிடந்தது. ஜாடியை எடுத்துப் போய் விற்றுவிடு என்றேன்.

"சங்கத்துக்குன்னு வாங்கினது அண்ணே. அடுத்த விருந்துல திறந்துடுங்க."

"அது எப்படி? விடுதலையானவன் குடுத்தாத்தான் ஜாடியைப் பதிவேட்டுல ஏத்த முடியும். சட்டம் அப்படி."

"சரிண்ணே." தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடக்காக எதையோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். "தன்னைத்தானே மாய்ச்சுக்கிட்டவனுக்குச் சங்கம் ஒண்ணும் செய்யாதுன்னு இருக்கே. அது நிஜமாவே சுவத்துல இருக்கா, இல்ல நீங்களா சொல்றதா?"

"காரணம் எதுவானாலும் செய்யாது. ஏழாவது வரி, போய்ப் பாரு" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.


ஜனவரி, நடுமாதத்துக்கு ஆறு நாள் முன்

ஹிலாருஸ் ஆற்றில் செத்துக் கிடந்தான். விடிந்து கொஞ்ச நேரத்தில், படகுத்துறைக்குக் கீழே, கம்பத்தில் சட்டை மாட்டிக்கொண்டு.

மாவு மூட்டை தூக்கிக்கொண்டு பலகை மேல் போனான் என்கிறார்கள். பலகை பனியில் நனைந்து வழுக்கியதாம். யாரும் பார்க்கவில்லை.

ஏழாவது வரி என்றேனே. ஐயோ, போய்ப் பாரு என்றேனே.


மறுநாள்

சங்கத் தலைவர் கிரெஸ்கென்ஸும் நானும் உடலைக் கேட்டு ஸெர்ரானுஸ் கடைக்குப் போனோம். கிரெஸ்கென்ஸ் கயிறு திரிக்கிறவர், அதிர்ந்து பேச மாட்டார். ஸெர்ரானுஸ் உள்ளே வரவும் சொல்லவில்லை.

"ஆத்துல போன என் மூட்டைக்கு நான் சங்கத்துக்குப் பதில் சொல்லணுமா? அவன் என் சொத்து. குதிச்சான், என் நஷ்டம். போட வேண்டிய இடத்துல போட்டாச்சு."

ஊர் வாசலுக்கு வெளியே, பேர் இல்லாதவர்களைப் போடுகிற குழியில். கொக்கியால் இழுத்துப் போயிருக்கிறார்கள். ஒரு பிடி மண்கூட யாரும் போடவில்லை. சடங்கு இல்லாமல் போனவன் எங்கே போவான்? அந்தத் துறையிலேயே, அந்தப் பலகைக்கு அடியிலேயே சுற்றிக்கொண்டிருப்பானா?

திரும்பும்போது மெலித்தே பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அய்யா, அவரு குதிக்கல. காலையில கொண்டைக்கடலையைச் சூடா எடுத்து வைன்னு சொல்லிட்டுப் போனாரு. சாகப் போறவன் கடலை கேப்பானா?"

எனக்கு என்ன தெரியும்? என்னிடம் அவன் கேட்டது கடலை அல்லவே.


ஜனவரி, நடுமாதத்துக்கு நான்கு நாள் முன்

பிரீமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்துபோய்த் தொட்டி கழுவினாள்.


ஜனவரி, நடுமாதத்துக்கு மூன்று நாள் முன்

இன்று மதியம் கோயிலில் சங்கம் கூடியது. பெண்கள் உறுப்பினர் இல்லையாதலால் மெலித்தே வாசலில் நின்றாள், பிரீமா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிரெஸ்கென்ஸ் என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அடிமையின் உடலை எசமான் தர மறுத்தால் அவனைப்போல உருவம் செய்து சடங்கு நடத்த வேண்டும். அது ஆறாவது வரி. தன் கையால் உயிரை மாய்த்துக்கொண்டவனுக்கு, காரணம் எதுவானாலும், சங்கம் எதுவும் செய்யாது. அது ஏழாவது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"எசமானே குதிச்சான்னு சொல்றாரு" என்றார் கிரெஸ்கென்ஸ். "எனக்கும் மனசு இல்ல. ஆனா இன்னைக்கு இவனுக்கு வளைச்சா, நாளைக்குச் சட்டம்னு ஒண்ணு இருக்குமாய்யா? கடைசியா அவன்கிட்ட யாரு பேசினது?"

நான் எழுந்தேன். எத்தனை பேரைப் பொய் சொன்னதற்காகத் திட்டியிருப்பேன்!

"நான்தான். செத்த அன்னைக்கு, விடியறதுக்கு முன்னால. துறைக்குப் போற வழியில பட்டறை வாசல்ல நின்னான். அடுத்த விருந்துல உங்க பக்கத்துலயே உட்கார்றேன் அண்ணே, இடம் மாற மாட்டேன்னு சொன்னான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். அப்புறம் எல்லாருமே சிரித்தார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே. என் பக்கத்தில் உட்கார விரும்புகிறவன் எப்படிச் சாகத் துணிவான் என்று ஒருவன் கேட்டான்.

கிரெஸ்கென்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். "நீ சொல்றியா, கலிஸ்துஸ்?"

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா சரி" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள்.

சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. வாசலில் பிரீமா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒருவேளை அவன் வழுக்கித்தான் விழுந்தானோ? அப்படியென்றால் நான் சொன்னது பாதிதான் பொய்.


ஜனவரி, நடுமாதம் கழிந்து நான்காம் நாள்

இன்று ஹிலாருஸை எரித்தோம்.

வைக்கோலால் உடம்பு. நடுவில் கிரெஸ்கென்ஸின் கயிறு. பட்டறையில் யாரும் திரும்ப வாங்க வராத ஒரு நல்ல சட்டை கிடந்தது, அதை இரண்டு தரம் வெளுத்துப் போட்டுவிட்டேன். முகத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மெலித்தே ஒரு துணி மூட்டையோடு வந்தாள். ரொட்டி மாவிலேயே அவன் முகத்தைப் பிசைந்து, சுட்டு எடுத்திருந்தாள். சப்பை மூக்கு, ஒரு பக்கம் கோணிய வாய். அவனேதான்.

"திருடல அய்யா. என் பங்கு மாவு, மூணு நாளா சேர்த்து வெச்சது."

பிரீமா பெட்டியைத் திறந்து என் விடுதலைத் தொப்பியைக் கொண்டுவந்தாள். திருநாள் தொப்பி இல்லை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நீதிபதி முன்னிலையில் என் தலையில் வைத்தது. என்னைக் கேட்கவும் இல்லை. அந்த ரொட்டித் தலையில் அதை வைத்து அழுத்தினாள்.

கிரெஸ்கென்ஸ் தொண்டையைச் செருமினார். "அம்மா, அவன் விடுதலை ஆகலையே..."

"நீங்க கயித்தை மட்டும் பாருங்க" என்றாள் பிரீமா.

அவர் கயிற்றைப் பார்த்தார்.

குழல் ஊதினார்கள். அவன் பேரை மூன்று முறை உரக்கக் கூப்பிட்டோம். நெருப்பு ஏறியதும், முதலில் வைக்கோல் புகைந்தது, பிறகு சுட்ட ரொட்டி மணம் எழுந்தது. காலையில் அவன் கடையைத் தாண்டிப் போகும்போது வருமே, அதே மணம். மெலித்தே அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், மறைக்க ஒன்றும் இல்லை.

சாம்பலுக்குச் சங்கக் கல்லறைச் சுவரில் ஒரு மாடம் கொடுத்தாயிற்று. பேரும் பொறித்தாயிற்று.


பிப்ரவரி, நடுமாதத்துக்கு மறுநாள்

நேற்று விருந்து. ரொட்டி, நாலு மத்தி மீன். என் பக்கத்து இடத்தை நான் காலியாகவே விட்டிருந்தேன்.

பாதியில் கிரெஸ்கென்ஸ் தலைவர் இருக்கையை விட்டு எழுந்து வந்து அங்கே உட்கார்ந்தார். மூக்கைச் சுளிக்கத்தான் செய்தார்.

"அபராதம் எழுதிக்கய்யா. இடம் மாறிட்டேன்."

நான் எழுதவில்லை. சுண்ணாம்பு மூட்டைக்குப் பின்னாலிருந்த ஜாடியைக் காலையிலேயே கொண்டுவந்து வைத்திருந்தேன். மெழுகை உடைத்து எல்லாருக்கும் ஊற்றினேன். ஒரு குவளை வாசலுக்குப் போனது, மெலித்தேவுக்கு. நல்ல மது. அவன் ஏமாந்து வாங்கவில்லை.

பிறகு பதிவேட்டைப் பிரித்தேன். முதல் பக்கம். பதினோரு பேருக்குக் கீழே எழுதினேன்: ஹிலாருஸ், நல்ல மது ஒரு ஜாடி, பெற்றுக்கொண்டோம்.

எங்களில் படிக்கத் தெரிந்தவர்கள் கிரெஸ்கென்ஸும் நானும்தான். அவர் எட்டிப் பார்த்து, வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். முழுக்கப் படித்தார்.

"மை காயட்டும், மூடிடாத" என்றார்.