பதினேழாம் எண் பெட்டி

அன்புள்ள மகனுக்கு,

உன் அக்காவை எண் ஒட்டிய பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நலம் விசாரிப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருங்கள். இங்கே என் முழங்கால் வலி பழையபடிதான், அம்மா தட்டில் கை வைப்பதில்லை.

எனக்கு ஏது அக்கா என்று கேட்பாய். உனக்கு இரண்டு வருடம் முந்திப் பிறந்தாள், அழவே இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அன்றைய பாதிரியார் கதவைச் சாத்திவிட்டார். அதற்கு முன் வாய்க்கால் சுவர் கட்டப் போனபோது, இடிந்து மறைந்த பழைய மாதா கோயில் மேட்டில் ஒரு கல்லறையைப் பார்த்திருந்தேன். மேற்கே தலை, சுற்றிலும் நிறுத்தி அடுக்கிய செங்கல், சாந்து கிடையாது. அங்கே கிடந்த செங்கலையே பொறுக்கி அச்சு அசலாக அதேபோல இவளுக்கும் கட்டினேன். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் என் சட்டையின் பிளாஸ்டிக் பொத்தானைப் பிய்த்துக் கால்மாட்டுச் செங்கலுக்கு அடியில் வைத்தேன். கொத்து வேலையில் நான் குறை வைத்ததில்லை, அதுவே வினையாகிவிட்டது.

போன மாதம் தொல்லியல் துறையிலிருந்து தோண்ட வந்தவர்கள் பதினாறு பழைய கல்லறைகளோடு இவளையும் பதினேழாவதாகச் சேர்த்துவிட்டார்கள். அவர்களுடைய பெண் அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "பெரியவரே, இது முந்நூறு வருஷத்துக் கட்டு, செங்கல்லே சொல்லுதே" என்று சிரித்தார். "செங்கல் சொன்னா கேப்பீங்க, அடுக்கினவன் சொன்னா கேக்க மாட்டீங்களாம்மா" என்றேன். "தினம் ஒருத்தர் சொந்தம் கொண்டாடிட்டு வர்றாங்கப்பா" என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறிவிட்டார். குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. நானே அந்தக் கால்மாட்டுச் செங்கலைப் புரட்டினால் பொத்தானை இப்போதுதான் வைத்தேன் என்பார்கள், அதனால் தொடவில்லை.

நீ எத்தனை முறை கூப்பிட்டும் அம்மா அங்கே வராததற்கு இதுதான் காரணம். "அவளைத் தனியா விட்டுட்டு நான் எங்க வர்றது" என்பாள். இப்போது அதையும் சொல்வதில்லை.

கடவுள் உங்கள் எல்லோரையும் காப்பாற்றுவார். மறந்துவிடாதே, அந்தப் பெண் அதிகாரி என் கண்ணெதிரே கால்மாட்டுச் செங்கலைப் புரட்ட வேண்டும். எலும்பைப் பரிசோதிக்க வேண்டும் என்றால் நீ வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். இப்போதைய பாதிரியார் கல்லறைத் தோட்டத்தின் கதவைத் திறக்க வேண்டும், பின்வாசல் அல்ல, முன்வாசல். நான் கட்டுவேன், இந்தத் தடவை சாந்து வைத்து, வருடம் பொறித்து. அம்மா அவளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். நாற்பத்தொரு வருடமாக நான் அதைக் கேட்டதே இல்லை.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அப்பா