தணிகாசலம் படித்த என் கவர்னர்

1979 ஐப்பசி, ஞாயிறு

நான் எழுதிய அமெரிக்க கவர்னரின் வாழ்க்கையை, தான் எழுதியதாக இன்று வாசகசாலையில் படித்துவிட்டான் கீழ்பென்னாத்தூர் வாத்தியார் தணிகாசலம். பிழை திருத்தித் தருகிறேன் என்று நோட்டை வாங்கிப் போனவன். பால் கறந்து விற்ற பையன் ஒரு மாநிலத்தையே ஆண்ட கதை. அகராதியைப் புரட்டிப் புரட்டி இரண்டு வருடம் எழுதினேன். சால்வை அவனுக்கு.

செயலாளர் என்னிடமே வந்து, "என்னா பெரியவரே, வாத்தியார் பேச்சு எப்டி? நீங்களும் இங்கிலீஷு படிக்கிறேன்னு சொல்றீங்களே, இப்டி ஒண்ணு எழுதுங்களேன்" என்றார். பச்சைக்கரைச் சால்வை. எனக்குத்தான் பொருந்தியிருக்கும்.

ஒரு சாட்சி உண்டு. அந்தக் கவர்னரை ஜனாதிபதி நியமித்தார் என்று படித்தான். நம் நாட்டு வழக்கத்தை நினைத்து நான் செய்த தவறு அது. அங்கே கவர்னரை ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். நோட்டு அவனிடம் போன பிறகுதான் அது தெரிந்து, வீட்டில் நான் வைத்திருந்த பிரதியில் மட்டும் அடித்துத் திருத்தினேன்.

நாளை தணிகாசலம் நோட்டைக் கொண்டுவர வேண்டும். செயலாளர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சால்வை மேசைக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன் நான் எழுந்து, அந்த மடத்தனம் என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும்.